அத்தை வந்தால் பரணுக்கு ஏறும் வாளி

பேரையூர்,
21.6.2024

அன்புள்ள செல்விக்கு,

உன் படத்தோடு நீ அனுப்பிய பென் டிரைவ் வந்து சேர்ந்தது. வீட்டில் போட்டுப் பார்க்க முடியாது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் பார்த்தேன். வாட்ச்மேன் விருமாண்டி அண்ணன் இரண்டு தடவை கதவைத் தட்டி, "டீச்சர், மேலுக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டுவிட்டார். நான் அழுதது வெளியே கேட்டிருக்கிறது.

நன்றாக எடுத்திருக்கிறாய். அப்பா டெப்போவிலிருந்து வந்ததும் கையில் சீனியும் எண்ணெயும் போட்டு கிரீஸைத் தேய்த்துக் கழுவுவாரே, அதை எப்படி ஞாபகம் வைத்திருந்தாய்? பழங்காநத்தத்து வீடு, மாடிப்படிக்குக் கீழே நாம் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு படித்த இடம், பக்கத்து மில் சங்கு, எல்லாம் அப்படியே இருக்கிறது. அம்மாவாக நடித்த பெண் முந்தானையை இழுத்துச் செருகும்போது நம் அம்மாதான். நீயாக நடித்த சின்னப் பெண் உன்னைவிட அழகாக இருக்கிறாள். படத்தில் அது ஒன்றுதான் பொய்.

ஒரே ஒரு வேண்டுகோள். அம்மா ஏழு நாள் எங்கோ போய்விட்டுத் திரும்பி வருகிறாளே, அப்போது கையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி இருக்கிறது, மஞ்சள் கைப்பிடியோடு. அதை எடுத்துவிடு. பையைக் கொடு, கூடையைக் கொடு, ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு வரட்டும். வாளி வேண்டாம்.

காரணம் கேட்காதே. நீ கேட்பாய். இருந்தாலும் கேட்காதே.

ஆகஸ்ட் பதினெட்டில் சொந்தக்காரர்களுக்கு மட்டும் படத்தைப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாய். அத்தை அதற்கு இப்போதே புதுச் சேலை எடுத்தாகிவிட்டது. சீனியம்மாள் அத்தை உனக்கு அப்பாவின் அக்கா, அவ்வளவுதான். எனக்கு மாமியார். ஒரே வீட்டில் இருக்கிறேன். வாளி இருந்தால் நான் அத்தையைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். நானும் வரமாட்டேன்.

போனில் பேச வேண்டாம். மணி அடித்ததுமே அத்தை, "யாரு, செல்வியா? ஸ்பீக்கர்ல போடுடி" என்பார். வாட்ஸாப்பை அருண்பாண்டி பார்த்துவிடுவான். பெற்ற மகன்தான், ஆனாலும் அவன் அப்பத்தா செல்லம். பள்ளிக்கூட முகவரிக்கே எழுது.

அக்கா,
மீனா


சென்னை,
27.6.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கையெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியும் 'ழ'வுக்கு நீ போடும் வால் மாறவில்லை.

வாளியை எடுக்க முடியாது.

கோபித்துக்கொள்ளாதே. படத்தில் உள்ள பாதி விஷயங்கள் எனக்கு நிச்சயமில்லை. நம் வீட்டுக் கதவு நீலமா பச்சையா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் வாளி தெரியும். மதுரையில் இருக்கிற பிளாஸ்டிக் கடையெல்லாம் ஏறி இறங்கி, அந்தப் பச்சையில் ஒன்று வாங்கி, கைப்பிடிக்கு நானே மஞ்சள் பெயின்ட் அடித்தேன். எடிட் செய்கிற காவ்யஸ்ரீயும், "மேடம், இந்த வாளி எதுக்கு? கடைசி வரைக்கும் விளக்கமே இல்லையே" என்றுதான் கேட்டாள். எனக்கும் தெரியாது, அதனாலேயே இருக்கட்டும் என்றேன்.

அந்த ஏழு நாள் எனக்கு என்னவாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு போனாள். என்னை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாள். எனக்கு எட்டு வயது. "ரெண்டாவதாவது ஆம்பளப் புள்ளையா இருந்திருக்கக் கூடாதா" என்று அத்தை என் தலையைத் தடவிக்கொண்டே சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். தடவுகிற கை ஆசையாகத்தான் இருக்கும், சொல்கிற சொல் அப்படி இருக்கும். அம்மா எனக்குப் பதிலாக ஒரு தம்பியை வாங்கிவரத்தான் போயிருக்கிறாள் என்று முடிவு செய்து, அவனுக்குக் கொடுக்க வேண்டியிருக்குமே என்று என் சிலேட்டை ஒளித்து வைத்தேன். ஏழாம் நாள் அம்மா வந்தாள். கையில் தம்பி இல்லை, வாளி இருந்தது. இந்தப் படமே அந்த நிமிஷத்துக்காகத்தான், அக்கா.

அத்தை நம் வீட்டுக்கு வருகிற அன்றெல்லாம் அப்பா அந்த வாளியைத் தூக்கிப் பரணில் வைப்பார். பித்தளைச் சொம்பை அத்தை எடுத்துக்கொண்டு போன மாதிரி இதையும் கேட்டுவிடும் என்ற பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதையும் எடுத்திருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் அங்கே சிரிக்கிறார்கள்.

ஏழு நாள் எங்கே போனீர்கள் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. அம்மாச்சிக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னீர்கள். அதற்கு மறுவாரமே அம்மாச்சி நம் வீட்டுக்கு வந்து, அம்மியில் அரைத்து மீன் குழம்பு வைத்தாள்.

காரணத்தைச் சொல், எடுக்கிறேன். சொல்லாவிட்டால் வாளி இருக்கும்.

செல்வி


பேரையூர்,
4.7.2024

செல்வி,

எழுதிக் கிழித்தது மூன்று. இது நான்காவது. இதையும் கிழிப்பதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

அம்மா அம்மாச்சி வீட்டுக்குப் போகவில்லை. குடும்பக் கட்டுப்பாடு முகாமுக்குப் போனாள். ஊர் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஆபரேஷன் முடிந்து, எழுமலையில் அம்மாவின் சிநேகிதி ஒருத்தி வீட்டில் தங்கினோம். கூடத் துணைக்கு ஆள் வேண்டும். அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாச்சியிடமும் சொல்லவில்லை. பதின்மூன்று வயதில் நான்தான் துணை.

முகாமுக்கு வந்த எல்லாருக்கும் ஒரு வாளி கொடுத்தார்கள். பச்சை, மஞ்சள் கைப்பிடி. அந்த வருஷம் இந்தப் பக்கத்து ஊர்களில் கிணற்றடியில், குழாயடியில் அந்த வாளியைப் பார்த்தாலே பொம்பளைகளுக்குத் தெரியும். 'பச்சை வாளிக்காரி' என்றே கேலி செய்வார்கள். நீ நிறம் பிசகாமல் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறாய். அறுபது வயதுக்கு மேல் இருக்கிற எவள் பார்த்தாலும் ஒரு நொடியில் புரிந்துவிடும். அத்தைக்கு அந்த ஒரு நொடிகூட வேண்டாம்.

அத்தை அதற்குப் பிறகு பத்து வருஷம், தம்பிக்கு வாரிசு வேண்டும் என்று அம்மாவை எத்தனை கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மரத்துக்கு மரம் தொட்டில் கட்டினார். சதுரகிரி மலைக்கு நானும் கூடப் போனேன். தொட்டில் துணியை என் பையில்தான் வைத்திருந்தேன். எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அத்தைக்கு மட்டும் தெரியாது. மூச்சு வாங்க மலையேறி, கண்ணை மூடி, முடிச்சுப் போட்டார். பிறகு அவருக்கே மருமகளாக வந்தேன். நான் பி.எட். முடிக்க, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெயிலில் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தவர் அத்தை. அவர் முகத்தைப் பார்த்து இருபத்தேழு வருஷமாகச் சோறு போடுகிறேன்.

அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது. பரணில் வாளியை வைத்தது அம்மாதான். அப்பா என்று நீயாகக் கதை கட்டிக்கொண்டாய்.

உன்னை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்றால், உன் வாய் அப்படி. அப்பா பீடி குடிப்பதைப் பூசாரியிடமே போய்ச் சொன்னவள் நீ. அது ஒன்றுதான் காரணம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முகாமில் நர்ஸ் அம்மாவிடம், "ரெண்டும் பொண்ணா இருக்கேம்மா, நல்லா யோசிச்சுக்க" என்றார். அம்மா என்னைக் காட்டி, "இது அமைதி. வீட்டுல ஒண்ணு விட்டுட்டு வந்திருக்கேன், அது ஒண்ணே நாலு பயலுக்குச் சமம். எனக்கு இது போதும் தாயி" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டார்.

எடுத்துவிடு, செல்வி.

மீனா


சென்னை,
10.7.2024

அக்கா,

இரண்டு நாள் எதுவும் செய்யவில்லை. சமைத்தேன், துணி மடித்தேன், திரும்பத் திரும்பப் படித்தேன்.

நாற்பத்தைந்து வயதில், தனியாக வாழ்கிறவள், ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்கிறவள், "எனக்கு இது போதும் தாயி" என்ற ஒரு வரியைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் நின்றேன் என்றால் நீ நம்புவாயா? அம்மாவுக்கு நான் போதவில்லை என்று ஒன்றே முக்கால் மணி நேரம் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அவள் நான் போதும் என்று சொல்லவே போயிருக்கிறாள்.

காவ்யஸ்ரீயோடு உட்கார்ந்து வாளி இல்லாமல் வெட்டிப் பார்த்தேன். இருபது நிமிஷ வேலை. ஒன்றும் குறையவில்லை என்று அவள் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் வெட்டுவதோ வைப்பதோ நீயும் நானும் முடிவு செய்கிற விஷயமா? அது அம்மாவின் உடம்பு. நாளை மறுநாள் மதுரைக்குப் போகிறேன். அவளிடமே கேட்கிறேன். வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே எடுத்துவிடுவேன். இது சத்தியம்.

நீ சொன்னதாக அவளிடம் சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும், வேறு யார் சொல்லியிருக்க முடியும்.

செல்வி


மதுரை,
16.7.2024

அன்புள்ள அக்கா,

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஏம்மா, எனக்கு எட்டு வயசுல ஏழு நாள் எங்க போன?"

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மீனா சொல்லிட்டாளாக்கும்? முப்பத்தேழு வருசம் தாக்குப் பிடிச்சிருக்கா. நீயா இருந்தா முக்கு திரும்புறதுக்குள்ள சொல்லியிருப்ப."

லேப்டாப்பில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். வாளி வந்ததும், "அடியாத்தி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துத்தான் பேசினாள்.

"வாளி சரியா இருக்கு. அவ ஏன்டி போகும்போது அழுதுக்கிட்டே போறா? நான் எங்க அழுதேன்? கல்யாணம் ஆன நாள்லருந்து அந்த ஏழு நாள்தான் கால நீட்டிப் படுத்தேன். எழுமலைக்காரி வேளா வேளைக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தா. மீனா காலப் பிடிச்சு விட்டா. ஒன் ஞாபகம் ஒண்ணுதான் உறுத்திக்கிட்டு இருந்துச்சு. மத்தபடி ராசாத்தி மாதிரி இருந்தேன்."

அக்கா, அப்பாவுக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டு நாள் பச்சத் தண்ணி குடிக்கல மனுசன். மூணாம் நாளு காலையில டெப்போவுக்குக் கிளம்புறப்ப, சட்டைப் பொத்தானப் போட்டுக்கிட்டே சொல்றாரு, 'எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைய உப்புக்கண்டம் போட்டுரும். அது வாரப்ப அந்த வாளிய மேல ஏத்திரு'ன்னு. ஏத்திருன்னு சொன்னவரு, எனக்கு எட்டாதுன்னு அவரே ஏத்துவாரு, அவரே எறக்குவாரு. சாகுற வரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசல."

நான் கட்டிக்கொண்டது இல்லை, பார்த்தாயா? நான் கண்ணால் பார்த்ததுதான்.

அத்தை இழுத்துக்கொண்டு போன கோயில்களைப் பற்றிக் கேட்டேன். "எனக்கென்ன, போனேன். மதினி எனக்குத்தான் சன்னலோரம் விடும். எலுமிச்சம் சோறு கட்டிக்கிட்டு வரும். சாமிக்குத் தெரியாதா எனக்குத் தையல் போட்டிருக்குன்னு? நான் ஒங்க ரெண்டு பேருக்கும் படிப்பு வரணும்னு வேண்டிக்கிட்டு வந்தேன்" என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "மதினிக்குத் துரோகம் பண்ணிட்டோம்னு மட்டும் இருக்குடி" என்றாள்.

எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"வேணாம். இருக்கட்டும். முன்னாடியே சொன்னா அது வராது. வரட்டும், பாக்கட்டும், திட்டுச்சுன்னா வாங்கிக்கிறேன். எனக்கு எழுவத்தி ரெண்டு, அதுக்கு எம்பது ஆகப்போகுது. நான் முந்துனாலும் அது முந்துனாலும் இது மனசுல கிடக்கும்."

ஆக, வாளி இருக்கிறது. அழுகையை மட்டும் எடுத்துவிட்டேன். அந்த நடிகை அழ மறந்துபோன டேக் ஒன்று கிடந்தது. தப்பு என்று ஒதுக்கி வைத்திருந்தோம். பஸ்ஸில் உட்கார்ந்து, சன்னலில் கையை வைத்து, லேசாக மூச்சு விடுகிறாள், அவ்வளவுதான். காவ்யஸ்ரீயிடம் போனில் சொல்லி அதைப் போடச் சொன்னேன். போட்டுப் பார்த்துவிட்டு, "மேடம், படம் மாறிடுச்சு" என்றாள்.

நீ வரவேண்டும்.

செல்வி


பேரையூர்,
24.7.2024

அன்புள்ள செல்விக்கு,

அப்பாவுக்குத் தெரியும் என்ற இடத்தைப் படித்துவிட்டு ஏழாம் வகுப்புக்குப் போனேன். என்ன பாடம் நடத்தினேன் என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

அம்மா முடிவு செய்துவிட்டாள், நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மா இருப்பது பழங்காநத்தத்தில். படம் முடிந்து விளக்குப் போட்டதும் அத்தை திரும்பி முதலில் பார்க்கப்போவது என்னைத்தான். அந்தப் பார்வைக்கு என்னிடம் முகம் இல்லை. பேப்பர் திருத்த வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். உன் மச்சானுக்கும் தோட்டத்தில் வேலை இருக்கிறது. அத்தையை அருண்பாண்டி கூட்டி வருவான். என்னைக் கோழை என்று நினைத்துக்கொள், பரவாயில்லை.

அத்தை புதுச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறார். தினமும் கடைக்குப் போய்த் தையல்காரரை விரட்டுகிறார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு எளிதாக இல்லை.

மீனா


மதுரை,
19.8.2024

அன்புள்ள அக்கா,

நேற்று நடந்ததை விட்டுவிடாமல் எழுதுகிறேன்.

ஆரப்பாளையம் பக்கத்தில் சின்ன அரங்கம். ஐம்பது நாற்காலி. அத்தை முன்வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தது. படம் தொடங்கினதிலிருந்து அம்மாவோடு ஒரே பேச்சு. "ராமக்கா, அந்தக் குத்துவிளக்கு நான் குடுத்ததுல்ல?" "எந்தம்பி மாதிரியே நடக்குறான் பாரு." அத்தை வேஷம் போட்டவள் வந்ததும், "ஏன்டி செல்வி, என்னைய இம்புட்டுக் குட்டையாவா காட்டுவ?" என்று திரும்பிச் சத்தம் போட்டது. அரங்கமே சிரித்தது.

வாளி வந்தது. அத்தை பேச்சு நின்றது.

பின்வரிசையில் நம் ஊர்க்கார முத்துமீனா அக்கா, உன் பேர்க்காரிதான், மெதுவாக, "ஆத்தி, பச்ச வாளில்ல?" என்றாள். பக்கத்தில் இருந்தவள் களுக்கென்று சிரித்தாள். அத்தை திரும்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஸ்டூலில் ஏறி வாளியைப் பரணில் வைத்தபோது எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டது. கடைசி வரை எழுந்திருக்கவும் இல்லை.

வெளியே பிரியாணி போட்டிருந்தோம். அத்தை சாப்பிடவில்லை. என் கன்னத்தைத் தொட்டு, "நல்லா எடுத்திருக்கடி" என்றது. பிறகு அருண்பாண்டியிடம், "வாடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நடந்துவிட்டது. அம்மா, "மதினி" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் ஒரு நாளைக்கு மூன்று தடவை போனில் பேசுகிறவர்கள். நேற்று மாலையிலிருந்து மணி அடிக்கவில்லை. அம்மா போனை எடுத்துச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள். படம் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு அது காதில் ஏறவில்லை.

தப்புப் பண்ணிவிட்டேனா, அக்கா? அங்கே என்ன நடக்கிறது?

செல்வி


பேரையூர்,
26.8.2024

அன்புள்ள செல்விக்கு,

ஐந்து நாள் அத்தை யாரோடும் பேசவில்லை. சாப்பிட்டார், மாத்திரை போட்டுக்கொண்டார், வாசலில் உட்கார்ந்தார். உன் மச்சான், "எங்க அம்மாவுக்கு என்னாச்சு, கோயில் மணி நின்ன மாதிரி இருக்கு" என்றார்.

சனிக்கிழமை காலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"நீயும் கூடப் போனியாக்கும்?"

"ஆமா அத்தை."

"அப்ப ஒனக்கு என்ன வயசு?"

"பதிமூணு."

"பதிமூணு வயசுப் புள்ளய நம்பியிருக்கா. என்னைய நம்பல."

நான் சட்டியைக் கவிழ்த்தபடியே நின்றேன். கஞ்சி வடிந்து முடிந்தும் நிமிர்த்தவில்லை. மன்னிச்சுக்கங்க அத்தை என்றேன். அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

"அதுக்கு மறு வருசம் எனக்கு மறுபடி நின்னுச்சு. நாப்பத்தி நாலு வயசு. மூத்தவ கல்யாணத்துக்கு நிக்கா, ஆத்தாகாரி வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கேன். தெருவுல தல நிமிந்து நடக்கல. அதுவும் தங்கல. வேணாம்னு நான் யாருகிட்டப் போயிச் சொல்ல? ஒங்க மாமாகிட்டயா? ஒங்க ஆத்தா போகும்போது, 'மதினி, நீயும் வாறியா'ன்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல? ஓடி வந்திருப்பேன்டி. ஆளுக்கொரு வாளி வாங்கிட்டு வந்திருப்போம்."

செல்வி, இருபத்தேழு வருஷத்தில் அத்தை தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கீழே உட்கார்ந்து அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "சோறு கொழையுது, எந்திரி" என்றார்.

சாப்பிட்ட பிறகு அவரே, "போனப் போடு ஒங்க ஆத்தாளுக்கு. ஸ்பீக்கர்ல போடு" என்றார்.

"ராமக்கா, சாப்புட்டியா?"

"ஆச்சு மதினி."

"என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்பு."

அத்தை, "பதினோரு கோயில்ல தொட்டில் கட்டியிருக்கோம்" என்றார்.

"பன்னெண்டு மதினி."

"பன்னெண்டு சாமியும் என்னையக் கேணச்சின்னு நெனச்சிருக்கும். அதுக்கு நீ பதில் சொல்றியா, நான் சொல்லவா?"

"ரெண்டு பேருமாப் போயிச் சொல்லிட்டு வருவோம் மதினி."

"எலுமிச்சம் சோறு நீ கட்டு. நான் கட்டுனது போதும். சன்னலோரம் இந்தத் தடவ எனக்கு."

அம்மா அழுதாளா சிரித்தாளா என்று போனில் தெரியவில்லை. அத்தை இரண்டும் செய்தார்.

செப்டம்பர் ஏழாம் தேதி வேன் பேசியாகிவிட்டது. மலைக்கோயில்களைக் கீழே நின்றே கும்பிடுவதாக முடிவு. நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீயும் வந்துவிடு. இனிமேல் போனிலேயே பேசலாம், ஒளிக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் நீ எப்போதாவது எழுது.

அத்தை உனக்கு ஒன்று சொல்லச் சொன்னார், அப்படியே எழுதுகிறேன்: "அவள வெறுங்கையோட வரச் சொல்லு. கேமராவத் தூக்கிட்டு வந்தா வேன்ல ஏத்த மாட்டேன். இன்னும் எங்க ரெண்டு பேருகிட்ட என்னென்ன கெடக்குன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

அக்கா,
மீனா